அப்பாயி நாகூருக்கு வேண்டிக்கொண்டால் பேரன் என்ன செய்வது?

கேள்வி இதுதான். கேட்டவருடைய குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம், இப்போது இருப்பது பெங்களூரில். குழந்தை குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோது, ஊரில் இருக்கும் அப்பாயி "பிள்ளை பிழைச்சு வந்தா நாகூர் ஆண்டவருக்கு மொட்டை போடுறேன்" என்று வேண்டிக்கொண்டாராம். குழந்தைக்கு இப்போது ஒரு வயது முடிந்துவிட்டது. மொட்டை என்றால் குலதெய்வம் கோயிலில்தானே, தர்காவில் எப்படிப் போடுவது என்று மனைவி வீட்டார் கேட்கிறார்கள். "நாங்கள் இந்துக்கள். டெல்டாவில் எல்லாச் சாமியையும் கலந்து கும்பிடும் இந்தப் பழக்கம் எப்படி வந்தது? இதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? போனால் அங்கே என்ன செய்ய வேண்டும்?"

நான் கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 'கலந்து கும்பிடுவது' என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. உங்கள் அப்பாயி எதையும் கலக்கவில்லை. அவருக்குக் குலதெய்வம் உண்டு, வெள்ளிக்கிழமை விளக்கு உண்டு, ஆடிக்குக் கூழ் உண்டு. அதில் ஒன்றையும் அவர் விடவில்லை. உள்ளூர் டாக்டர் இருக்கும்போதே, கைக்கு மீறினால் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்கிக்கொண்டு போவோம் இல்லையா, அந்த மாதிரி நாகூருக்குப் போயிருக்கிறார். டெல்டாவில் சாமிகளுக்கும் இப்படி ஒரு துறைப் பிரிவு உண்டு. தோல் வியாதிக்கும் கட்டிக்கும் வைத்தீஸ்வரன் கோயில். அம்மை போட்டால் மாரியம்மன், அதிலும் தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புன்னைநல்லூர். மனசு பேதலித்தவர்களை முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஜாம்புவானோடை தர்காவில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். பிள்ளை வரத்துக்கும் தீராத நோய்க்கும் நாகூர், வேளாங்கண்ணி இரண்டும். நோயைப் பார்த்துத்தான் சாமியைத் தேடுவார்கள். சாமி எந்த மதம் என்று யாரும் முதலில் கேட்பதில்லை.

எனக்கே ஏழெட்டு வயதில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, அம்மா சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். மஃரிபு தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஓதி முகத்தில் ஊதுவார்கள். அதற்காக இடுப்பில் பிள்ளையும் கையில் தண்ணீர்ச் செம்புமாகப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பாதிப் பேர் நெற்றியில் குங்குமம் இருக்கும். தொழுகை நடத்தும் அசரத்து தண்ணீரில் ஓதிக் கொடுத்ததைக் குடித்தேன். வீட்டுக்கு வந்தால் தலைமாட்டில் வேப்பிலை. மறுநாள் காலையில் கம்பவுண்டர் ஊசியும் போட்டார். எதில் சரியானது என்று அம்மாவைக் கேட்டதற்கு, "எல்லாத்துலயும்தான்" என்றார். செம்புக்குப் பதில் இப்போது பிளாஸ்டிக் பாட்டில் வந்துவிட்டது, மற்றபடி அந்த வரிசை இன்றைக்கும் நிற்கிறது.

சரி, எப்படி வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சி மொழிதான். 'ஆண்டவர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பழனி ஆண்டவர், நாகூர் ஆண்டவர், ஆண்டவராகிய இயேசு. மூன்று பேரையும் ஒரே சொல்லால் கூப்பிடுகிறோம். தஞ்சைப் பெரிய கோயில் அம்மனுக்குப் பெரியநாயகி என்று பெயர். வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் மாதாவுக்கு வைத்த பெயரும் பெரியநாயகிதான். நயினார் என்றால் தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் சமணர். கடற்கரைக்குப் போனால் மரைக்காயர் வீட்டில் நெய்னா முகமது இருப்பார்.

'பள்ளி' என்ற சொல்லில் இதைவிடப் பெரிய கதை இருக்கிறது. சோழர் காலத்தில் பள்ளி என்றால் பௌத்தரும் சமணரும் தங்குகிற இடம். அவர்களுக்கு விட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு, 1006 வாக்கில் ராஜராஜ சோழன் எங்கள் பக்கத்து ஆனைமங்கலத்தின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக எழுதிவைத்தான். பெருவுடையாருக்குப் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் புத்தருக்கும் ஊர் எழுதிவைத்திருக்கிறான். அந்தச் செப்பேடுகள் பிற்பாடு நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் வந்தது. துறவிகள் போன பிறகு சொல் மட்டும் தங்கிவிட்டது. பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளிக்கூடம், முஸ்லிம்கள் தொழும் இடம் பள்ளிவாசல். எந்தக் குழுவும் கூடி முடிவெடுத்து இதைச் செய்யவில்லை. ஒரே வாய் எல்லாவற்றையும் பேசியதால் வந்தது.

இன்னொரு பெயரைச் சொல்லாமல் விட முடியாது. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மூன்று மாவட்டத்திலும் தெருவுக்கு ஒரு பக்கிரிசாமி இருப்பார். திருநீறு பூசிய இந்து. 'பக்கிரி' என்பது ஃபக்கீர், அதாவது முஸ்லிம் துறவி. முதல் பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்த பிள்ளையை பக்கிரிக்கு விட்டதாக வேண்டிக்கொண்டு இந்தப் பெயர் வைப்பார்கள். பிச்சை, குப்பு என்று வைப்பதைப் போலத்தான். பக்கிரியோடு சாமியையும் சேர்த்துப் பெயர் வைத்த அந்த முதல் தாய் யாரென்று தெரியாது, ஆனால் மத நல்லிணக்க மாநாடு எதிலும் இவ்வளவு கச்சிதமான தீர்மானத்தை நான் படித்ததில்லை.

இரண்டாவது காரணம் கடல். நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் சொல்லும் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாகூரில் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது பாதுஷா, முடி திருத்திக்கொண்டிருந்தபோதே கையிலிருந்த கண்ணாடியை வீசி, நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை அடைத்துக் காப்பாற்றினார் என்பது கதை. வேளாங்கண்ணியில், புயலில் மாட்டிய போர்த்துக்கீசிய மாலுமிகள் மாதாவை வேண்டிக் கரை சேர்ந்து கோயில் கட்டினார்கள் என்பது கதை. இந்த இரண்டு ஊருக்கும் முன்னால், இதே கடற்கரையில், பூம்புகார் வணிகர்கள் மணிமேகலா தெய்வத்தை நம்பிக் கப்பல் ஏறினார்கள். கோவலனின் முன்னோர் ஒருவரைக் கடலிலிருந்து அந்தத் தெய்வம் காப்பாற்றியதால்தான் மாதவி மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தார்கள். ஆயிரத்தைந்நூறு வருஷமாகக் கடல் அதே கடல், பயமும் அதே பயம், காப்பாற்றுகிறவர் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கொடி நாகூருக்குக் கப்பல் வடிவ ரதங்களில் ஊர்வலமாக வருவது இதனால்தானோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

மூன்றாவது, அரசர்கள். நாகூர் ஆண்டவர் தஞ்சை நாயக்கரின் தீராத நோயைத் தீர்த்ததாகக் கதை. ஊசி குத்திய ஒரு புறாவைக் கண்டுபிடித்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டாராம், அரசருக்கு வலி போய்விட்டதாம். தர்காவில் இன்றும் புறா வாங்கிப் பறக்கவிடுவது அந்த நினைப்பில். நன்றிக்காக நாயக்கர் நிலம் கொடுத்தார். பிறகு வந்த மராட்டியர்களில் பிரதாப சிங் (ஆட்சி 1739–1763) தர்காவின் ஐந்து மனாராக்களில், அதாவது கோபுரங்களில், மிக உயரமானதைக் கட்டிக்கொடுத்தார். 131 அடி. பிள்ளை வரம் கேட்டு, கிடைத்ததற்குக் கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். அவரும் உங்கள் அப்பாயி மாதிரிதான், கொஞ்சம் வசதி கூட.

இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் கதை வேறாக இருந்தாலும், வேண்டுதலைச் செலுத்தும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். கோயில், மாதா கோயில், தர்கா மூன்று இடத்திலும் கொடியேற்றத்தோடுதான் திருவிழா தொடங்கும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-இல் கொடி, செப்டம்பர் 8-இல் பெருவிழா. கோயிலில் தேர் என்றால் மாதாவுக்குத் தேர்பவனி, நாகூரில் சந்தனக்கூடு. வைத்தீஸ்வரன் கோயிலில் சித்தாமிர்தக் குளம், வேளாங்கண்ணியில் மாதா குளம், நாகூரில் ஷிஃபா குண்டம். மொட்டை மூன்றிலும் உண்டு. கண், கை, கால், தொட்டில் உருவம் பொறித்த தகடும் மூன்றிலும் உண்டு. வைத்தீஸ்வரன் கோயிலில் கூடுதலாக உப்பும் மிளகும் கொட்டுவோம், வேளாங்கண்ணியில் தென்னங்கன்று. காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டத்தைத் தூரத்தில் பார்த்தால் பழனி பாதயாத்திரை என்று நினைத்துவிடுவீர்கள். சேலை கட்டிய மாதாவின் பக்தர்கள் அவர்கள்.

கல்யாணத்திலும் அப்படியே. கிறித்தவர் தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும், தாலி தாலிதான். முஸ்லிம் வீட்டில் கருகமணி கட்டுவார்கள். ஆடிப்பெருக்குக்கு நம் பெண்கள் ஆற்றில் விடுகிற காதோலை கருகமணியில் வரும் அதே கருகமணி. தை பிறந்தால் தேவாலய வாசலிலும் பொங்கல் பானை பொங்கும். ரமலான் மாதம் தெருவுக்கே நோன்புக் கஞ்சி வரும். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு தூக்குவாளி உண்டு, வேறு எதற்கும் எடுக்கவிட மாட்டார்கள்.

இதெல்லாம் ஏழை எளியவர்களின் அறியாமை என்று நினைப்பவர்கள் உண்டு. மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையை (1826–1889) அவர்களுக்குச் சொல்வேன். தமிழின் முதல் நாவலை எழுதியவர், கத்தோலிக்கர். அவருக்கு நெருங்கிய நண்பர்கள் யார் என்றால், திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும். சைவ மடத்தின் மகாவித்துவான் கிறித்தவ முன்சீப் மேல் குளத்தூர்க் கோவை பாடினார். முன்சீப் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எழுதினார். தன் மதத்தை இருவரும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் இதைவிடத் துணிச்சலான ஏற்பாடு: பெருமாள் மேல் காதல் கொண்டு வந்த டில்லி சுல்தான் மகள் என்று சொல்லப்படும் துலுக்க நாச்சியாருக்குக் கோயிலுக்குள்ளேயே சந்நிதி, நைவேத்தியத்துக்கு ரொட்டி. வடக்கத்திப் பெண்ணுக்குப் புளியோதரை ஒத்துக்கொள்ளாது என்று யோசித்திருக்கிறார்கள்.

தஞ்சாவூர்க்காரர் என்பதால் காசவளநாடு புதூரை நீங்களே கேள்விப்பட்டிருக்கலாம். ஊரில் பெரும்பாலும் இந்துக்கள். மொகரம் வந்தால் பத்து நாள் விரதம் இருந்து, உள்ளங்கை உருவத்துக்கு மாலை சாத்தி, அல்லாசாமி என்று வீதியுலா கொண்டுவந்து, கடைசியில் தீ மிதிக்கிறார்கள். மார்க்கம் படித்தவர் பார்த்தால் தலையில் கைவைப்பார், ஆகமம் படித்தவரும் அப்படித்தான். ஊருக்கு அது ஊர்த் திருவிழா, அவ்வளவுதான்.

இனி மறுபக்கம். இதை எழுதாவிட்டால் நான் வரலாறு நடத்தியதற்கு அர்த்தமில்லை. ராஜராஜன் நிலம் கொடுத்த நாகப்பட்டினத்துப் புத்தர் என்ன ஆனார்? அங்கிருந்த பொன் புத்தரை எடுத்துவந்துதான் திருமங்கையாழ்வார் ஸ்ரீரங்கத்தில் திருப்பணி செய்தார் என்று வைணவ குருபரம்பரைக் கதையே பெருமையாகச் சொல்கிறது. விகாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867-இல் இயேசு சபையார் அரசு அனுமதியோடு இடித்தார்கள். நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. வயல்வெளிகளில் உட்கார்ந்திருக்கும் கல் புத்தர்களுக்கு ரிஷி, செட்டியார், முனி என்று பெயர் மாற்றி எண்ணெய் தேய்த்துப் பூப் போடுகிறோம். அவருக்கு மரியாதை இருக்கிறது, அவர் யார் என்ற நினைவு போய்விட்டது. கலப்பு என்பதில் இப்படி விழுங்குவதும் ஒரு வகை.

சாதி இன்னொன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (முன்சீப் அல்ல, வேறொருவர்) பெத்லகேம் குறவஞ்சி பாடிய கிறித்தவப் புலவர், சரபோஜி மன்னரின் பிரியத்துக்குரியவர். தேவாலயத்துக்குள் சாதி பார்த்து உட்காருவதைப் புதிய மிஷனரிகள் நிறுத்தப் பார்த்தபோது, 1820-களின் கடைசியில், சாதி வழக்கத்தின் பக்கம் நின்று எதிர்த்தவரும் அவர்தான். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை எரித்துக் கொன்றது மதச் சண்டையில் அல்ல. கூலி கேட்டதற்கு. உலகம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய இரவு அது. டெல்டாவில் மதத்தைத் தாண்டி நோன்புக் கஞ்சி வந்த தெருக்களில் சாதியைத் தாண்டித் தண்ணீர்ச் செம்பு போகவில்லை. மதக் கோடு இங்கே மெல்லியதாகத் தெரிவதற்கு அந்த இன்னொரு கோட்டின் தடிமனும் ஒரு காரணமோ என்று நான் யோசிப்பதுண்டு. கல்யாணம் என்று வந்தால் இரண்டு கோடும் ஒன்றாகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எல்லாப் பக்கத்திலும் 'இது நம் வழக்கம் இல்லை' என்று சொல்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். தர்காவுக்குப் போவதே கூடாது என்று சொல்லும் தவ்ஹீத்காரர்கள் 1980-களிலிருந்து எங்கள் பக்கம் உண்டு. அவர்களுடைய வாதம் குர்ஆனை வைத்து, அதில் ஒரு தெளிவு இருக்கிறது. மாதாவுக்குத் தேர் எதற்கு என்று கேட்கும் பெந்தெகொஸ்தே சபையாரும் அதே மாதிரி. உங்கள் மனைவி வீட்டாரின் கேள்வியும் அந்த வரிசையில்தான் வருகிறது. அவர்களைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எதை நம்புகிறாய் என்பதிலிருந்து அவர்கள் தொடங்குகிறார்கள். உங்கள் அப்பாயி, யாருக்கு வாக்குக் கொடுத்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறார். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டு ஒருவருக்குச் சொன்ன சொல் அது. அதை வேறு கோயிலில் செலுத்திவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், எண்பது வயதில் அவருக்கு அது கடனை மாற்றி எழுதுகிற மாதிரி. தூக்கம் வராது.

ஆகவே போய்விட்டு வாருங்கள். குலதெய்வத்துக்கு முதல் மொட்டை போட்டுவிட்டு, முடி வளர்ந்ததும் இரண்டாவதை நாகூரில் போடுவது எங்கள் பக்கத்தில் சகஜம். இரு வீட்டுக்கும் அது ஒத்துவரும். கந்தூரி நாட்களில் கைக்குழந்தையோடு வேண்டாம், கூட்டம் நெரியும். அது ஜமாதுல் ஆகிர் மாதம் முதல் 14 நாள், ஆங்கிலத் தேதி வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும் என்பதால் பார்த்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை சாயங்காலமும் கூட்டம். யாராவது "வெள்ளி ராத்திரி வாங்க" என்றால் அது வியாழன் ராத்திரி, அவர்களுக்கு நாள் மஃரிபில் தொடங்குகிறது. சாதாரணக் கிழமையில் விடிகாலை போனால் குழந்தைக்கும் வெயில் இருக்காது.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, குளத்தில் தண்ணீர் தெளித்து, தலையில் துணி போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பூவும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டால் போதும். சாயபு பாத்திஹா ஓதி மயிலிறகால் குழந்தை தலையைத் தடவுவார். உங்களை யாரும் எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள், திருநீறை அழிக்கவும் வேண்டாம். காணிக்கை உங்கள் விருப்பம், நூறு ரூபாய் கொடுத்தால் ஐந்நூறு கேட்கிறவர்களும் அங்கே உண்டு, எல்லாப் புண்ணியத் தலத்திலும் இருக்கிற மாதிரி. சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். திரும்பும்போது தம்ரூட் என்கிற இனிப்பை வாங்க மறக்காதீர்கள்.

இரண்டு விஷயம் பாக்கி. நாகூரிலும் மொட்டைக்குக் குழந்தையைத் தாய்மாமன் மடியில்தான் நம்மவர்கள் உட்காரவைப்பார்கள். ஆகவே கேள்வி கேட்ட உங்கள் மனைவி வீட்டிலிருந்தே மச்சினர் வந்து உட்கார்ந்தாக வேண்டும், இப்போதே பேசி வையுங்கள். அப்புறம், கிளம்புமுன் அப்பாயியிடம் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாகூரிலிருந்து வேளாங்கண்ணி இருபது கிலோமீட்டர்கூட இல்லை, சிக்கல் சிங்காரவேலரும் தஞ்சாவூரிலிருந்து வருகிற வழிதான். அந்த ஒரு ராத்திரியில் அவர் ஒரே ஒருவருக்கு மட்டும் வேண்டிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.